மயக்கம் என்ற ஒரு சொல்: எல்லையூர்ச் செவிலியர் ஒருத்தியின் மேற்படிப்பு அனுபவம்

பாலக்காட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகுதான் மேற்படிப்புக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது. அதற்குக் காரணமாக இருந்தவர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு தோட்டத்திலிருந்து வந்த எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி. வரப்பில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டிருந்தது. ஸ்கேனில் சிறிய இரத்தக் கசிவு தெரிந்ததால், அறுவை சிகிச்சை வேண்டாம், மணிக்கொரு முறை நினைவுநிலையைப் பார்த்துக் குறித்தால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கிளாஸ்கோ கோமா அளவீடு என்று நாங்கள் எல்லோரும் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்த கணக்குதான் அது: கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6, மொத்தம் 15.

நான் இரவு டியூட்டிக்குப் போனபோது அவருடைய தாளில் மாலை நான்கு மணி வரை 15 என்றும், அதன்பின் தொடர்ந்து 14 என்றும் எழுதியிருந்தது. பேச்சில் ஒரு மதிப்பெண் குறைந்திருந்தது, அதாவது பாட்டி குழம்பிப் பேசுகிறார் என்று பொருள். மறுபடியும் ஸ்கேனுக்கு அனுப்ப ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நான் அருகில் போய், “பாட்டி, இப்ப என்ன மாசமுங்க?” என்று கேட்டேன். “ஆடிதானுங்க அம்முணி, பதினெட்டு வரப்போகுதே” என்றார். எங்கே இருக்கிறோம் என்பதும், எப்படி விழுந்தார் என்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. மாலையில் அவரைப் பார்த்த செவிலியர் கோட்டயம் பக்கத்துக்காரர், நல்ல உழைப்பாளி. அவர் மலையாளத்தில் மாதத்தைக் கேட்டிருக்கிறார், பாட்டியும் ‘ஆடி’ என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எங்கள் ஆடியும் அவர்களுடைய கர்க்கடகமும் ஒரே மாதம்தான் என்றாலும், மலையாளக் காதில் ‘ஆடி’ என்பது ‘அசைந்தது, ஆடியது’ என்றுதான் விழும். மாதத்தைக் கேட்டால் ஆடியது என்கிறாரே என்று அவர் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்.

நான் 15 என்று எழுதினேன். பணியில் இருந்த மருத்துவர் வந்து கேட்ட கேள்விதான் இன்றும் காதில் இருக்கிறது: “சிஸ்டர், நாலு மணிக்கு நோயாளி மோசமாகி இப்போது தேறியிருக்கிறாரா, அல்லது நாலு மணிக்குக் கேட்டதே தவறா?” இரண்டும் மருத்துவத்தில் வெவ்வேறு நிலைமைகள். ஏறி இறங்கும் நினைவுநிலை ஆபத்தானது, மொழிப் பிழை ஆபத்தற்றது. எனக்கு விடை தெரியும் என்று உள்ளுக்குள் தோன்றியது, ஆனால் அதை நிறுவும் வகையில் கண்மணிகளின் அளவையும் கைகளின் வலுவையும் நாடித்துடிப்பின் போக்கையும் கோத்து ஒரு கருத்தாகச் சொல்ல எனக்கு வரவில்லை. “டாக்டர், அவங்க தமிழ்க்காரங்க” என்று மட்டும் சொன்னேன். ஸ்கேன் எடுத்தார்கள், முந்தையதைப் போலவே இருந்தது. எடுத்தது தவறென்று இன்றும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவர் நம்பத்தக்கதாக நான் எதையும் அவரிடம் கொடுக்கவில்லை.

மேற்படிப்பு பற்றி விசாரிக்கத் தொடங்கியபோது முதலில் தெரிந்துகொண்டது, எங்களுக்கு முன்னே இரண்டு வழிகள் இருக்கின்றன என்பது. ஒன்று வழக்கமான எம்.எஸ்ஸி. நர்சிங். மருத்துவ-அறுவை சிகிச்சை, குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமூக நலம் என ஏதேனும் ஒரு துறையில் இரண்டு ஆண்டுகள் படிப்பது, படித்து முடித்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரி ஆசிரியர்களாகப் போவது. மற்றொன்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த, தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு, அதாவது நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சை முடிவுகளிலும் பங்கெடுக்கும் செவிலியராவதற்கான படிப்பு. இதுவும் இரண்டு ஆண்டுகள்தான், இதுவும் முதுகலைப் பட்டம்தான், ஆனால் இது ரெசிடென்சி முறையில் நடப்பது. வகுப்பறை நேரம் குறைவு, பெரும்பகுதி நோயாளியின் படுக்கையருகில் கழிகிறது. 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை நர்ஸ் பிராக்டிஷனர்களை உருவாக்க வேண்டும் என்று பேசியது, ஏறத்தாழ அதே காலத்தில்தான் இந்தப் படிப்பும் நம் நாட்டில் வேர்விடத் தொடங்கியது. மகப்பேற்றுக்கென ‘நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி’ என்று 18 மாதப் பயிற்சியும் உண்டு.

இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று இப்போதும் தங்கைகள் என்னிடம் கேட்கிறார்கள். கற்பித்தலில் விருப்பமும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க வேண்டிய கட்டாயமும் இருப்பவர்கள் தயக்கமின்றி வழக்கமான எம்.எஸ்ஸி.க்குப் போகலாம், அது தாழ்ந்த வழி அன்று. ஆனால் வார்டை விட்டு வர மனமில்லாதவர்கள், ‘ஏன் இப்படிச் செய்கிறார்கள்’ என்ற கேள்வி மனத்தை அரித்துக்கொண்டே இருப்பவர்கள், இரண்டாவது வழியைப் பார்க்க வேண்டும். இரண்டுக்குமே பட்டப் படிப்புக்குப் பிறகு குறைந்தது ஓராண்டுப் பணி அனுபவம் கேட்கிறார்கள். என் கருத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்றாண்டுகளாவது இருந்துவிட்டுப் போவது நல்லது. கைவேலை தானாக நடக்கும் நிலை வந்தால்தான் மூளைக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். என்னுடன் சேர்ந்த ஒருவர் ஓராண்டு அனுபவத்தோடு வந்து, முதல் ஆறு மாதமும் மருந்தை அளவாக ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்பின் அலாரத்துக்குப் பதில் சொல்வதிலேயே களைத்துப்போனார்.

எல்லைப்புறத்துக்காரர்களுக்கு இன்னொரு தடை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான் பட்டப் படிப்பைக் கோவையில் முடித்து, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தவள். பாலக்காட்டில் வேலை பார்ப்பதற்காகக் கேரளக் கவுன்சிலிலும் பதிவு பெற்றேன். மேற்படிப்பு மறுபடியும் கோவைப் பக்கம் என்றானதும், தமிழ்நாட்டுப் பதிவு காலாவதியாகிவிட்டது என்பது தெரியவந்தது. அதைப் புதுப்பிக்கப் போனால், என் பெயரே இரண்டு விதமாக இருந்தது. தமிழ்நாட்டுச் சான்றிதழ்களில் முன்னெழுத்து பெயருக்கு முன்னால் நிற்கிறது, கேரளத்து ஆவணங்களில் அது பெயருக்குப் பின்னால் போய்விடுகிறது. ஆதாரிலோ அப்பாவின் பெயர் முழுமையாக விரிந்து கிடக்கிறது. இந்த மூன்று பேரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கி, ஓர் அலுவலகத்தில் அதை ஏற்க மறுத்து, வேறு வாசகத்தில் மீண்டும் எழுதி வாங்கி, இரண்டு மாதங்கள் ஓடிவிட்டன. விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்புதான் எல்லாம் கைக்கு வந்தது. ஆகவே படிக்கலாமா என்ற எண்ணம் தோன்றும் மாதத்திலேயே இரு மாநிலப் பதிவுகளையும், இந்திய நர்சிங் கவுன்சிலின் தேசியப் பதிவேட்டு எண்ணையும் எடுத்து, பெயரும் பிறந்த நாளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். படிப்பு முடிந்தபின் அந்தக் கூடுதல் தகுதியையும் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டியிருக்கும், அப்போதும் இதே பெயர்ச் சிக்கல் எழும்.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கேரள அரசு 2018இல் தனியார் மருத்துவமனைச் செவிலியருக்குக் குறைந்தபட்ச ஊதியம் ரூ.20,000 என்று அறிவித்த பிறகு எங்கள் வீட்டுக் கணக்கு ஓரளவு நேராகியிருந்தது. அந்த வருமானத்தை விட்டுவிட்டுப் படிக்கப் போவதென்றால் வீட்டார் முகம் மாறுவது இயல்பு. ரெசிடென்சி முறையில், பணியிலிருந்தபடியே வருவோருக்கு அவர்களது சம்பளமும், மற்றவர்களுக்கு அந்த மருத்துவமனையின் ஊதிய முறைப்படி ஒரு தொகையும் தர வேண்டும் என்று கவுன்சிலின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் அது எந்த மாதத்திலிருந்து, எவ்வளவு, எந்தக் கணக்கில் வரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் கட்டணத்தைக் கட்டிவிடாதீர்கள். படித்து முடித்தபின் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. சேர்ந்த பிறகு ஒரு தாளை நீட்டினார்கள், கையெழுத்திட்டேன்.

முதல் பருவத்தில் என்னைத் தலைகீழாகப் புரட்டியது உயர்நிலை உடலியங்கியலும் நோய்க்கூற்றியலும்தான். பெயர்கள் பழகியவைதான், காரணங்கள்தான் புதியவை. ஒரு சம்பவத்தைச் சொன்னால் விளங்கும். நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு வென்டிலேட்டரில் இருந்த ஒரு பெண்மணியைப் பற்றி நான் ரவுண்ட்ஸில் சொல்லிக்கொண்டிருந்தேன். எடை 78 கிலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் 470 மில்லி காற்று போகிறது, கிலோவுக்கு 6 மில்லி என்ற விதிப்படி சரியாகவே இருக்கிறது என்றேன். எங்களுக்கு வழிகாட்டிய மூத்த மருத்துவர், “அவர் உயரம் என்ன?” என்று கேட்டார். தெரியாது என்றேன். ஆறு ஆண்டுகளில் ஒரு நோயாளியின் உயரத்தைக்கூட நான் அளந்ததில்லை என்பது அந்தக் கணத்தில் உறைத்தது.

தையற்காரரின் நாடாவைக் கொண்டுவந்து, படுத்த நிலையிலேயே உச்சியிலிருந்து குதிகால் வரை அளந்தோம். 152 சென்டிமீட்டர். உடம்பு பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை, அது உயரத்தைப் பொறுத்தது. ஆகவே கணக்கில் எடுக்க வேண்டியது தராசு காட்டும் எடையை அன்று, உயரத்திலிருந்து கணித்த எடையை. பெண்களுக்கு 152.4 சென்டிமீட்டருக்கு 45.5 கிலோ, அதற்குமேல் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 0.91 கிலோ கூட்ட வேண்டும். அந்தப் பெண்மணிக்கு அது 45 கிலோதான். அப்படியானால் ஒரு மூச்சுக்குப் போக வேண்டியது ஏறத்தாழ 270 மில்லி. நாங்கள் 470 கொடுத்துக்கொண்டிருந்தோம். அமெரிக்காவில் 861 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், கிலோவுக்கு 12 மில்லி கொடுத்தவர்களில் 39.8 விழுக்காட்டினரும், 6 மில்லி கொடுத்தவர்களில் 31 விழுக்காட்டினரும் இறந்தார்கள் என்று அன்று மாலை படித்தேன். எங்கள் நோயாளிக்குக் கணக்கிட்ட எடைப்படி கிலோவுக்குப் பத்து மில்லிக்கு மேல் போயிருந்தது. அந்தப் புள்ளிவிவரம் புத்தகத்தில் இருந்தபோது தேர்வுக்கு உரியதாக மட்டும் இருந்தது, நாடாவைப் பிடித்த கைக்கு அது வேறாகத் தெரிந்தது. இப்போது என் ஏப்ரன் பையில் எப்போதும் ஒரு நாடா இருக்கிறது. இந்தப் படிப்புக்குப் போகிறவர்கள் விலையுயர்ந்த ஸ்டெதாஸ்கோப் வாங்குவதற்கு முன் ஒரு நாடா வாங்கிக்கொள்ளலாம்.

மருந்தியல் தாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது உழைப்பைக் கேட்கும், கொடுத்தால் தேறிவிடலாம். தலைமைத்துவம், மேலாண்மை, கற்பித்தல் என்று ஒரு தாள் உண்டு. அதை நான் தேர்வுக்காகவே படித்தேன், பின்னால் அதற்காக வருந்தினேன்.

நான் உண்மையில் தங்கி நின்று கற்றது உடற்பரிசோதனையும் நோய் வரலாறு கேட்பதும் அடங்கிய தாளில். பெயரைக் கேட்டால் எளிதாகத் தோன்றும், ‘நாங்கள் தினமும் செய்வதுதானே’ என்று நானும் நினைத்தேன். செவிலியராக நான் கேட்டதெல்லாம் படிவத்தை நிரப்புவதற்கு. வலி எங்கே, எப்போதிருந்து, ஒவ்வாமை உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டார்? இங்கே கேட்கச் சொன்னதோ, ஒவ்வொரு விடையையும் கொண்டு அடுத்த கேள்வியை முடிவு செய்வதற்கு. நோயாளி ஒரு சொல்லைச் சொன்னதும் அந்தச் சொல்லால் அவர் எதைக் குறிக்கிறார் என்பதை அவர் வாயாலேயே விளக்க வைக்க வேண்டும் என்று எங்கள் ஆசிரியை ஓயாமல் சொல்வார். அதை நான் முழுதாகப் புரிந்துகொண்டது இரண்டாம் ஆண்டில் ஓர் இரவில்.

வாளையாறு பக்கத்திலிருந்து அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். நெடுங்காலமாகப் பீடி குடித்தவர், மலையாளம் மட்டும் பேசுபவர். அவருடைய மனைவி அவசரப் பிரிவில், “ரெண்டு திவசமாயி மயக்கமாணு” என்று சொல்லியிருக்கிறார். பணியில் இருந்த இளம் மருத்துவர் மதுரைப் பக்கத்துக்காரர். இரண்டு நாளாக மயக்கம் போட்டு விழுகிறார் என்று எடுத்துக்கொண்டு அவ்வாறே கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டார். அதன் பிறகு எல்லாம் அந்த வழியிலேயே நடந்தது. இ.சி.ஜி., சர்க்கரை அளவு, தலை ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் பழுதில்லை. மூச்சு சற்று வாங்குகிறதே என்று முகமூடியில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஆக்சிஜன் வைத்து, இதயத் துடிப்பைக் கண்காணிக்க எங்கள் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஆக்சிஜன் அளவு 99 என்று பச்சை எண்ணில் ஒளிர்ந்தது. பார்ப்பவர்கள் எவருக்கும் மனம் நிறையும் எண் அது.

நான் அவர் மனைவியிடம் போய் அமர்ந்து, விழுந்தாரா என்று கேட்டேன். “ஏய், வீணில்லா” என்று தலையை ஆட்டினார், விழவே இல்லையாம். அப்படியானால் மயக்கம் என்றால்? பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகிவிடுகிறது, சோற்றில் கை வைத்தபடியே உறங்கிவிடுகிறார், எழுப்பினால் விழித்துப் பதில் சொல்லிவிட்டு மறுபடி உறங்குகிறார் என்றார். தமிழில் மயக்கம் என்றால் தலைசுற்றிச் சாய்வது, நினைவிழப்பது. மலையாளத்தில் அது கண்ணயர்வு, அரைத் தூக்கம். கொழிஞ்சாம்பாறையில் வளர்ந்த எனக்கு இரண்டும் தெரியும். இரண்டும் தெரிந்திருந்தும் ஆறாண்டுகள் அதை ஒரு மருத்துவத் தகவலாக நான் எண்ணியதே இல்லை.

அதன்பின் பரிசோதனை வேறு திசையில் போயிற்று. கைகள் வெதுவெதுப்பாக இருந்தன, நாடி துள்ளியது, இரு கைகளையும் நீட்டி மணிக்கட்டை மேலே மடக்கிப் பிடிக்கச் சொன்னபோது உள்ளங்கைகள் பறவைச் சிறகு போல் அடித்துக்கொண்டன. இந்த மூன்றும் சேர்ந்தால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கியிருக்கலாம் என்று பாடத்தில் படித்திருந்தேன். எங்களுக்கு இருந்த அனுமதியின்படி தமனி இரத்தம் எடுத்து அனுப்பினேன். இரத்தத்தில் அமிலம் கூடினால் குறையும் பி.எச். 7.21, கார்பன் டை ஆக்சைடு 82, பைகார்பனேட் 32 என்று முடிவு வந்தது. முறையே 7.35 முதல் 7.45, 35 முதல் 45, 22 முதல் 26 என்று இருக்க வேண்டியவை. பைகார்பனேட் ஏறியிருப்பதைப் பார்த்தால் இந்தத் தேக்கம் பழையது, அமிலம் இந்த அளவு கூடியிருப்பதைப் பார்த்தால் பழையதன் மேல் புதிதாக ஒன்று ஏறியிருக்கிறது. பீடியால் கெட்டுப்போன நுரையீரல்காரருக்குத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தால் தேக்கம் மேலும் கூடும், அவர்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும். பிரிட்டனின் மருத்துவர்கள் ராயல் கல்லூரி 2017இல் திருத்தி வெளியிட்ட முன்னெச்சரிக்கை மதிப்பீட்டில் இத்தகையோருக்கெனத் தனி அளவுகோலே உண்டு. அதன்படி, ஆக்சிஜன் கொடுத்து 97ஓ அதற்கு மேலோ காட்டினால் அது அபாயக் கணக்கில் 3 மதிப்பெண். பச்சை எண்ணில் ஒளிர்ந்த 99 எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தது.

மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து நான் சொன்னதை ஏறக்குறைய அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் படிப்பு எனக்குக் கொடுத்தது இதைத்தான். “டாக்டர், மயக்கம் என்று அனுமதிக்கப்பட்டவருக்கு உண்மையில் இருப்பது தூக்கக் கலக்கம், மனைவியிடம் மலையாளத்தில் கேட்டு உறுதி செய்தேன். கை நடுக்கமும் துள்ளும் நாடியும் இருக்கின்றன, பி.எச். 7.21, கார்பன் டை ஆக்சைடு 82. நாள்பட்ட நுரையீரல் அடைப்பின் மேல் வந்த தேக்கம் என்று நினைக்கிறேன். ஆக்சிஜனை 88 முதல் 92 வரைக்குக் குறைக்கலாமா, பைபேப் தயாராக வைத்திருக்கிறேன், நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.” அவர் வந்தார், பார்த்தார், அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி மூச்சுக்கு உதவும் பைபேப் முகமூடியை வைக்கச் சொன்னார். விடியற்காலையில் அந்த மனிதர் முகமூடியைத் தள்ளிவிட்டுச் சாயா கேட்டார். பாட்டியின் படுக்கையருகில் “அவங்க தமிழ்க்காரங்க” என்று மட்டும் சொல்லத் தெரிந்தவள், இப்போது என்ன பார்த்தேன், அதனால் என்ன நினைக்கிறேன், என்ன வேண்டும் என்று மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். இடையே ஓடியவை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்.

இவ்வாறு சொல்லப் பழகுவதற்கு நான் கண்ட வழி லாக் புக் என்ற பயிற்சிக் குறிப்பேடுதான். பலர் அதை வாரக் கடைசியில் தோழியின் புத்தகத்தைப் பார்த்து நிரப்புகிறார்கள். நானும் முதல் இரண்டு மாதங்கள் அப்படித்தான் செய்தேன். பிறகு ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு நோயாளியைப் பற்றி, மருத்துவரின் குறிப்பைப் படிப்பதற்கு முன்பே என் கருத்தையும் அதற்கான காரணத்தையும் எழுதி வைத்து, பின்னர் அவருடைய குறிப்போடு ஒப்பிடத் தொடங்கினேன். முதல் சில மாதங்களில் பெரும்பாலும் தவறாகவே இருந்தது. எங்கே தவறினேன் என்று சிவப்பு மையில் எழுதுவேன். சிவப்பு குறையத் தொடங்கியபோது ஏற்பட்ட மகிழ்ச்சி தேர்வில் கிடைத்த மதிப்பெண்ணில் இல்லை.

ஆய்வுக் கட்டுரைக்கு, இருமொழி நோயாளிகளிடம் நினைவுநிலை அளவீட்டில் நேரும் பிழைகளை எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். அதற்கு இரு மருத்துவமனைகளின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும், உங்கள் கையில் இருப்பது சில மாதங்கள் என்று வழிகாட்டி தடுத்துவிட்டார். வென்டிலேட்டர் நோயாளிக்குச் செருகும் செயற்கை மூச்சுக்குழாயின் பலூன் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரளவுக்குள் இருக்கிறதா என்பதை ஆராய்ந்து முடித்தேன். அவர் சொன்னது சரிதான். முடிக்கக்கூடிய ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்போது மகளுக்கு நான்கு வயது. வேலந்தாவளம் வழியாகக் கோவை உக்கடம் போய்வருவது பகலில் முடியும், இரவு டியூட்டிக்கு முடியாது. விடுதியில் தங்கி, வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தேன். அத்தை முதலில், “இன்னும் என்னத்தப் படிக்கறது, படிச்சுக் கிழிச்சது போதாதா” என்றவர், பிறகு குழந்தையைத் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டார். அவர் இல்லாவிட்டால் இந்தப் படிப்பு இல்லை. வீட்டில் இப்படி ஒருவர் இல்லாதவர்கள் இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போட்டாலும் குறையொன்றுமில்லை.

முடித்த பிறகு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் குறிப்பு நேர்மையற்றதாகிவிடும். ஒப்பந்தக் காலம் முடிந்து பாலக்காட்டுப் பக்கம் வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தேன். நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பதவியே அங்கே இல்லை. ‘சீனியர் ஸ்டாஃப் நர்ஸ்’ என்று அடையாள அட்டை கொடுத்தார்கள், சம்பளம் சற்றே கூடியது. மேலாளர் ஒருவர், “எம்.எஸ்ஸி. முடிச்சுட்டு ஏன் காலேஜுக்குப் போகலை?” என்று வியப்போடு கேட்டார். நம் நாட்டில் நாம் தனித்து மருந்துச் சீட்டு எழுத முடியாது. நிறுவனம் ஏற்றுக் கையெழுத்திட்ட நெறிமுறைகளுக்குள் நின்றுதான் முடிவெடுக்க முடியும். அந்த நெறிமுறைகள் தாமாக வருவதில்லை என்பதை அங்கே போனபின் அறிந்தேன். தலைமைத்துவத் தாளை ஒழுங்காகப் படிக்காததற்கு வருந்தியதும் அப்போதுதான்.

ஆறு மாதங்கள் சும்மா இருந்து, மற்றவர்கள் என் வேலையைப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு ஒரே ஒரு தாளில் ஒரு முன்மொழிவை எழுதித் தீவிர சிகிச்சைத் தலைவரிடம் கொடுத்தேன். காலை ஆறு மணிக்கு, குறிப்பிட்ட தகுதிகள் பொருந்தும் வென்டிலேட்டர் நோயாளிகளுக்கு 30 நிமிடம் தானாக மூச்சுவிடும் சோதனையைச் செவிலியரே தொடங்கலாம், எந்தெந்த அறிகுறி கண்டால் நிறுத்த வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருந்தது. எல்லா உரிமைகளையும் ஒரே நேரத்தில் கேட்டிருந்தால் அந்தத் தாள் மேசையிலேயே கிடந்திருக்கும். இரண்டு முறை திருத்தி, நான்கு கையெழுத்துகளோடு அது திரும்பி வந்தது. மருத்துவர்கள் ரவுண்ட்ஸுக்கு வரும்போது சோதனை முடிந்து விவரம் தயாராக இருக்கிறது என்பதால், அடுத்ததைக் கேட்பது எனக்கு எளிதாயிற்று.

வெளிநாட்டுக் கனவோடு இதைப் படிக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிரிட்டனில் மேம்பட்ட மருத்துவப் பணி (அட்வான்ஸ்டு கிளினிகல் பிராக்டிஸ்) என்று பெரிதாகப் பேசுகிறார்கள், 2017இல் இங்கிலாந்தில் வெளியான வரையறையில் நோயாளிப் பணி, தலைமைத்துவம், கல்வி, ஆய்வு என்று நான்கு தூண்களைச் சொன்னார்கள். நம் பாடத்திட்டத்திலும் அந்த நான்கும் இருக்கின்றன. ஆயினும் இங்கே பெற்ற பட்டத்தோடு நேராக அந்தப் பதவியில் போய் அமர முடியாது. முதலில் அங்கே சாதாரணச் செவிலியராகப் பதிவு பெற்று, வார்டில் வேலை பார்த்து, பிறகுதான் மேலே ஏற வேண்டும். என்னுடன் படித்த இருவர் அப்படித்தான் போயிருக்கிறார்கள்.

எனக்குள்ள மனக்குறை வேறு. 1965இல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கியபோது அவர்கள் மனத்தில் இருந்தவர்கள் மருத்துவர் எட்டாத இடங்களில் வாழ்ந்த குழந்தைகள். நம்மிடம் அது தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்குள்ளிருந்து தொடங்கியிருக்கிறது. எங்கள் பக்கத்து ஊர்களான எருத்தேன்பதியிலும் வடகரப்பதியிலும் நெஞ்சு கரிக்கிறது என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுப்பவர்கள் அந்தக் கதவுக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கிறது. அவர்கள் வாசலில் இந்தப் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தால் என்ன ஆகும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது எங்கள் பிரிவில் மருந்து அலமாரியின் உட்கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இடப்பக்கம் நோயாளி சொல்லும் சொல், வலப்பக்கம் அது தமிழ்க்காரர் வாயில் என்ன, மலையாளி வாயில் என்ன என்ற விளக்கம். முதல் வரி மயக்கம். இரண்டாவது வரியில், பனி என்றால் மலையாளிக்குக் காய்ச்சல், தமிழ்க்காரருக்கு மார்கழிக் குளிர் என்று இருக்கிறது. அதன் கீழே ‘மாதம் கேட்டால் ஆடி, கர்க்கடகம், ஜூலை மூன்றும் சரி’ என்று எழுதியிருக்கிறேன். சென்ற வாரம் கண்ணூரிலிருந்து புதிதாக வந்த பெண் ஒருத்தி அதில் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: ‘கிறுகிறுப்பு: தலகறக்கம். விழுந்தாரா என்று கேட்கவும்.’